மூத்திரம் முட்டும் அவசரத்துக்கு மாத்திரை: தொடங்குவது முதல் நிறுத்துவது வரை

பினாங்குப் பாலத்தில் சாயங்கால நெரிசலில் பஸ் மாட்டிக்கொண்டால் இறங்க வழி கிடையாது. மொத்தம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேலே. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து பிறைக்குக் கம்பெனி பஸ்ஸில் 19 வருடமாகப் போய்வருகிறேன். அந்தப் பாலத்து விளக்குக் கம்பங்கள் எனக்கு அத்துப்படி, ஏனென்றால் ஒரு காலத்தில் அவற்றை எண்ணிக்கொண்டுதான் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் எண்ணி முடிப்பதற்குள் ஆகிவிட்டது. நல்ல வேளை, கறுப்பு சிலுவார் (கால்சட்டை). இடுப்பில் ஜாக்கெட்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பக்கத்து சீட் அக்காவுக்குத் தெரிந்ததா இல்லையா என்று இன்று வரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் டாக்டரிடம் போனேன். இப்போது இரண்டு வருடமாக மாத்திரையோடு வாழ்கிறேன். நான் டாக்டர் இல்லை, மாத்திரை சாப்பிடுகிறவள். ஆனால் என்னைப் போல வெட்கப்பட்டு அஞ்சாறு வருடம் வீணாக்கியவர்கள் நம் வட்டாரத்தில் நிறைய பேர் இருக்கிறார்கள். அதைவிட மோசம், மாத்திரை வாங்கிவிட்டு இரண்டாவது வாரமே குப்பையில் போட்டவர்கள். இதை முக்கியமாக அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

இது எந்தச் சிக்கல் என்று முதலில் பாருங்கள்

சிறுநீர்ப்பையின் சுவரே ஒரு தசைதான். பை நிறையும் வரைக்கும் அது தளர்ந்து இருக்க வேண்டும், நாம் உட்கார்ந்த பிறகுதான் சுருங்க வேண்டும். எனக்குப் பை பாதிகூட நிறையாதபோதே அது சுருங்கப் பார்க்கிறது. அதனால் திடீரென்று முட்டிக்கொண்டு வரும், நின்று பேசக்கூட அவகாசம் இருக்காது. பகலும் இரவுமாகச் சேர்த்து எட்டுத் தடவைக்கு மேல் போவது, ராத்திரி தூக்கத்தைக் கெடுத்து எழுப்புவது, சில பேருக்குப் போய்ச் சேர்வதற்குள் கசிவது, எல்லாம் இதில் அடங்கும். இருமும்போதும் தும்மும்போதும் மட்டும் கசிகிறது, அவசரமே இல்லை என்றால் அது வேறு சங்கதி. அதற்கு இந்த மாத்திரை உதவாது.

இதே மாதிரி தொந்தரவு கொடுக்கிற வேறு ஆட்களும் உண்டு. முதல் ஆள் இனிப்பு நீர். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, அதிலும் நம் இந்தியர்கள்தான் முன்னணியில். சர்க்கரை ஏறிக் கிடந்தால் சிறுநீர் அடிக்கடி வரத்தான் செய்யும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளோ சர்க்கரையைச் சிறுநீர் வழியாகத் தள்ளித்தான் வேலை செய்கின்றன. இரண்டாவது ஆள் கிருமித் தொற்று. ஆண்களுக்கு 50 தாண்டினால் புராஸ்டேட் சுரப்பி வீக்கம். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு கீழே வறண்டுபோவதும் இந்த அவசரத்தைக் கூட்டும், அதற்குப் பூசுகிற ஈஸ்ட்ரோஜன் க்ரீமே பல பேருக்குப் பாதி நிம்மதி தரும்.

என் கதையில் நடந்தது இதுதான்: ஒரு கிளினிக்கில் மூன்று முறை போய் மூன்று முறையும் கிருமி மாத்திரை வாங்கி வந்தேன், ஒரு தடவைகூடச் சிறுநீரைப் பிடித்துக் கொடுக்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை, ரத்தத்தில் சர்க்கரை, இரண்டும் பார்க்காமல் இந்த மாத்திரையைத் தொடங்காதீர்கள்.

மூன்று நாள் கணக்கு

டாக்டரைப் பார்ப்பதற்கு முன் மூன்று நாள் எழுதி வையுங்கள். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம், இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கடையில் கிடைக்கிற அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக், அவ்வளவுதான் செலவு. எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு வந்தது, அவசரம் எப்படி இருந்தது, கசிந்ததா, என்ன குடித்தீர்கள். வேலை இடத்தில் ஜக்கைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்றால் சனி, ஞாயிறோடு ஒரு நாள் லீவு சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் முதல் நாள் 13 தடவை, ராத்திரி மட்டும் மூன்று. ஒவ்வொரு தடவையும் 120, 150 மில்லி. சாதாரணமாக ஒருவர் 300, 400 மில்லி தாங்குவார். இந்த இடம்தான் முக்கியம்: அடிக்கடி போய் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் கோளாறு பையில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு தடவையும் குடம் குடமாக வந்து நாளுக்கு 3 லிட்டரைத் தாண்டினால் சர்க்கரையையோ, நீங்கள் குடிக்கிற அளவையோ பாருங்கள். பகலில் ஒன்றும் இல்லை, ராத்திரி மட்டும் நிறைய என்றால் கால் வீக்கம், ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் அம்லோடிபின், சாயங்காலம் போடுகிற நீர் மாத்திரை எல்லாம் சந்தேகப் பட்டியலில் வர வேண்டும். இதை டாக்டரே இரண்டு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார், நோட்டு கையில் இருந்தால்.

அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் சாப்பிடுகிற எல்லா மருந்தையும் எழுதுங்கள். எல்லாம் என்றால் எல்லாம்: ரத்த அழுத்தம், தூக்கம், சளி, அரிப்பு, நாட்டு மருந்து, யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த லேகியம்.

எங்கே போவது

அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் (சுகாதார நிலையத்தில்) மலேசியக் குடிமக்களுக்கு 1 வெள்ளி. மைசெஜாத்தெரா செயலியில் நேரம் எடுத்துக்கொண்டு போனால் காத்திருப்பது குறையும். அங்கேயே அடிப்படைச் சோதனை முடியும். தேவைப்பட்டால் சிறுநீரகவியல் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். இங்கே பினாங்கு பொது மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது, கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் தனி நிலையமே உண்டு. சிறப்பு மருத்துவருக்கு 5 வெள்ளி. சில மாத்திரைகளைச் சிறப்பு மருத்துவர் எழுதினால்தான் அரசாங்க மருந்தகம் கொடுக்கும், அதனால் "இது இங்கே இல்லை" என்று சொன்னால் கோபப்படாதீர்கள், எங்கே போனால் கிடைக்கும் என்று கேளுங்கள்.

தனியார் என்றால் டாக்டர் தன் கிளினிக்கிலேயே மருந்தைக் கொடுத்துவிடுவார். சீட்டு மட்டும் எழுதித் தரச் சொல்லி வெளியே பார்மசியில் விலை பார்த்து வாங்கலாம், அது உங்கள் உரிமை. ஆனால் சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது. யாராவது இணையத்தில் விற்றால் வாங்காதீர்கள், பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

டாக்டர் வயிற்றின் மேல் ஸ்கேன் வைத்து, நீங்கள் போய்வந்த பிறகும் பையில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கலாம். குறிப்பாக ஆண்களுக்கு. ஏற்கெனவே முழுசாகக் காலியாகாத பையை இந்த மாத்திரை இன்னும் சோம்பேறியாக்கி, ஒரேயடியாக அடைத்துவிடக்கூடும்.

இரண்டு வகை மாத்திரை

பைச் சுவரைச் சுருங்கச் சொல்லுகிற தூதுவன் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். அது வந்து கதவைத் தட்டினால் தசை சுருங்கும். பழைய வகை மாத்திரைகள் அந்தக் கதவை அடைத்து வைக்கின்றன: ஆக்சிபியூட்டினின், டோல்டெரோடின், சோலிஃபெனசின் என்று பல பெயர்கள். சிக்கல் என்னவென்றால் அதே மாதிரிக் கதவு எச்சில் சுரப்பியிலும் குடலிலும் கண்ணிலும் வியர்வைச் சுரப்பியிலும் மூளையிலும் இருக்கிறது. ஆக, வாய் வறளும், மலம் கட்டும், பார்வை கொஞ்சம் மங்கும், வயதானவர்களுக்குத் தூக்கக் கலக்கமும் குழப்பமும் வரலாம். ஆக்சிபியூட்டினின் பழையது, விலை குறைவு, ஆனால் வாயைக் காயவைப்பதில் அதுதான் முதலிடம், மூளைக்குள்ளும் சுலபமாகப் போகும். என் தனிப்பட்ட கருத்து, 65 தாண்டிய அம்மா அப்பாவுக்கு அதை எழுதினால் "டாக்டர், வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

புதிய வகை மிராபெக்ரான். இது கதவை அடைப்பதில்லை, வேறொரு வழியாகத் தசையைத் தளர்த்துகிறது. வாய் வறட்சி குறைவு, மறதிக் கவலையும் குறைவு என்பதால் வயதானவர்களுக்கு இதைத்தான் பல டாக்டர்கள் விரும்புகிறார்கள். ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். 180க்கு 110 என்ற அளவில் கட்டுப்படாமல் நிற்கிறவர்கள் எடுக்கவே கூடாது, மற்றவர்கள் வீட்டிலேயே அளந்து எழுதி வர வேண்டும். மெட்டோபுரோலால், டிகாக்சின் போன்ற ரத்த அழுத்த, இதய மருந்துகள் சாப்பிடுகிறவர்கள் அவசியம் சொல்ல வேண்டும், அவற்றின் அளவு உடம்பில் கூடிவிடும். இந்த வகை மாத்திரை அமெரிக்காவில் 2012இல்தான் அனுமதி பெற்றது, அதனால் விலையும் கொஞ்சம் கடிக்கும்.

முதல் வகையைக் குறுகிய கோண கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் உள்ளவர்கள், சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள், மயஸ்தீனியா என்ற தசை பலவீன நோய் உள்ளவர்கள் தொடக் கூடாது. கண்ணுக்குச் சொட்டு மருந்து போடுகிறவர் என்றால் அது எந்த வகை என்று கண் டாக்டரிடமே கேட்டுவிட்டு வாருங்கள், எல்லா வகைக்கும் தடை இல்லை.

முதல் நாள்

எனக்குக் கொடுத்தது சோலிஃபெனசின் 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒன்று. உறையின் மேல் மலாயில் "செகாலி செஹாரி" என்று ஒட்டியிருக்கும். எந்த நேரம் என்பது உங்கள் வசதி, ஆனால் தினமும் அதே நேரம். நான் ராத்திரி பல் துலக்கிய பிறகு போடுகிறேன், அந்த டம்ளருக்குப் பக்கத்திலேயே அட்டை இருக்கும். வாய் வறட்சியின் முதல் அலை தூங்கும்போது போய்விடுகிறது என்பது என் அனுபவம்.

முழுசாக விழுங்குங்கள். குறிப்பாக மெதுவாகக் கரைகிற வகையாக இருந்தால் உடைக்கவோ நசுக்கவோ மெல்லவோ கூடாது, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர வேண்டிய மருந்து ஒரேயடியாக உள்ளே போய்விடும். மாமியாருக்கு விழுங்கக் கஷ்டம் என்று பாலில் கரைத்துக் கொடுக்கிற பழக்கம் சில வீடுகளில் உண்டு, அதைச் செய்யாதீர்கள், பார்மசியில் கேட்டால் வேறு வழி சொல்வார்கள். ஒரு வேளை மறந்துபோனால், அன்றைக்கே நினைவு வந்தால் போட்டுக்கொள்ளலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகப் போடவே கூடாது.

இரண்டாவது வாரம், எல்லோரும் நிறுத்துகிற இடம்

முதல் வாரத்தில் எனக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. இரண்டாவது வாரத்தில் மாற்றம் தெரிந்தது, ஆனால் வாயில்: நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, காலையில் பசியாற எடுத்த ரொட்டி சானாய் தொண்டையில் நின்றது. பாத்ரூம் ஓட்டமோ அப்படியேதான். எல்லோருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது, பலன் இல்லாமல் பக்கவிளைவு மட்டும் எதற்கு?

இந்த மாத்திரைகளின் குணமே அதுதான். வறட்சி முதலில் வரும், பலன் பின்னால் வரும். முழுப் பலனைப் பார்க்க நாலு வாரத்திலிருந்து எட்டு வாரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்க நான் செய்தவை: தண்ணீரைச் சின்னச் சின்ன மிடறாகக் குடித்தேன், சர்க்கரை இல்லாத சூயிங்கம் மென்றேன் (இனிப்பு மிட்டாய் வேண்டாம், எச்சில் குறைந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும்), பல் டாக்டரிடம் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லி வைத்தேன். மலச்சிக்கலைச் சும்மா விடாதீர்கள், நிறைந்த குடல் பையை நெருக்கி அவசரத்தை இன்னும் கூட்டும். பப்பாளி, கீரை, போதிய தண்ணீர், அதற்கும் மசியவில்லை என்றால் பார்மசியில் மலமிளக்கி.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம் உண்டு. முதல் வகை மாத்திரை வியர்வையைக் குறைக்கும், அதனால் வெயிலில் உடம்பு சூடேறும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் படி ஏறப் போனேன், பாதியில் தலை சுற்றி நிழலில் உட்கார்ந்துவிட்டேன், முகம் காய்ந்த ஓடு மாதிரி இருந்தது, ஒரு சொட்டு வியர்வை இல்லை. அந்த நாள்களில் நிழலிலேயே நட, நிறுத்தி நிறுத்திக் குடி, நனைந்த துண்டு வை.

இன்னொன்று, நான் பிடிபட்டது. மூக்கடைப்புக்கு ராத்திரி மஞ்சள் மாத்திரை போடுவது என் பழக்கம். எங்கள் டாமானில் (குடியிருப்பில்) பார்மசி வைத்திருக்கும் தம்பி, சூயிங்கம் வாங்கப் போனபோது கேட்டார்:

"அக்கா, இந்த மாத்திரையோட சளி மாத்திரை ஏதும் போடுறீங்களா?"

"மஞ்சள் மாத்திரைதான் தம்பி, அது சும்மா சளிக்கு."

"அதுவும் வாயைக் காயவைக்கிற ஜாதிதான்கா. ரெண்டும் சேர்ந்தா டபுள். நாளைக்கே நிறுத்திட்டு வித்தியாசத்தைப் பாருங்க."

அவர் சொன்னபடி அந்த மஞ்சள் மாத்திரையை, அதாவது குளோர்பெனிரமினை, விட்டுவிட்டுத் தூக்கம் வராத வேறு அலர்ஜி மாத்திரைக்கு மாறினேன், வறட்சி பாதியாகக் குறைந்தது. அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து, பயண வாந்தி மாத்திரை, தூக்கம் வரவழைக்கும் அலர்ஜி மருந்து எல்லாம் இதே கூட்டம். இவை பல வருடம் ஒன்றுமேல் ஒன்றாகச் சேர்வதற்கும் வயதான காலத்து மறதி நோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன, அதனால் பெரியவர்களின் மருந்துப் பையை வருடத்தில் ஒரு தடவையாவது பார்மசிக்காரரிடம் கொட்டிக் காட்டுங்கள்.

மாத்திரையோடு செய்ய வேண்டியது

மாத்திரை தசையை அமைதிப்படுத்தும், ஆனால் "எதற்கும் ஒரு தடவை போய்விட்டு வந்துவிடலாம்" என்று முன்கூட்டியே ஓடுகிற பழக்கத்தை அது மாற்றாது. அதை நாம்தான் மாற்ற வேண்டும். முட்டியதும் ஓடாமல் நில், உட்கார், கீழ்த் தசையை அஞ்சாறு தடவை வேகமாக இறுக்கி இறுக்கி விடு, அலை இறங்கியதும் நடந்து போ. முதலில் 5 நிமிடம் தள்ளிப் போடுங்கள், அப்புறம் 10, 15. மெல்ல மெல்ல மூன்று மணி நேர இடைவெளி வரும். பாலத்தில் விளக்குக் கம்பங்களை எண்ணிய பழக்கம் இதில் எனக்குப் பெரிய சகாயம் செய்தது.

தே தாரேக் (பால் டீ), கோப்பி ஓ (கறுப்புக் காப்பி) இரண்டையும் காலையில் ஒன்றோடு நிறுத்தினேன், அதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி, மாத்திரை இல்லை. ஆனால் தண்ணீரை வெட்டிவிடாதீர்கள். குடிக்காமல் இருந்தால் சிறுநீர் அடர்த்தியாகி பையை எரிச்சல்படுத்தும், வெயிலும் சேர்ந்தால் உடம்பு கெடும். ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், அதில் பெரும்பகுதியை மாலைக்கு முன்னால் குடித்துவிடுங்கள். சிறுநீரகம், இதயம் சம்பந்தமாக டாக்டர் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அதுதான் உங்களுக்குக் கணக்கு.

உடனே போக வேண்டிய நேரம்

சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு விலாவலி, முட்டியும் வராமல் அடிவயிறு கல்லாகிப் போவது, திடீரென்று கண் சிவந்து வலித்து விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது, முகமோ நாக்கோ வீங்குவது, பெரியவர் ராத்திரியில் இடம் தெரியாமல் உளறுவது. இதில் எது வந்தாலும் மறுநாள் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு.

எட்டு வாரம் கழித்து

திரும்ப மூன்று நாள் எழுதுங்கள், அதே ஜக், அதே நோட்டு. எனக்கு 13 என்பது 8 ஆனது, ராத்திரி ஒன்று. பலன் போதவில்லை, பக்கவிளைவு தாங்கக்கூடியது என்றால் டாக்டர் 10 மில்லிகிராமுக்கு ஏற்றலாம், வறட்சி தாங்கவில்லை என்றால் மிராபெக்ரானுக்கு மாற்றலாம், சில பேருக்கு இரண்டையும் சேர்த்தே கொடுப்பார்கள். ஒரு மாத்திரை ஒத்துவரவில்லை என்பதற்காக எல்லாமே ஒத்துவராது என்று அர்த்தம் இல்லை. மாத்திரையே பயன்படவில்லை என்றாலும் வழி உண்டு: பைச் சுவரில் போட்டோக்ஸ் ஊசி, கணுக்கால் நரம்பைத் தூண்டுவது, முதுகுக்குக் கீழே சின்னக் கருவி வைப்பது. அந்த எல்லை வரைக்கும் நான் போகவில்லை, அதனால் விரித்து எழுதவில்லை.

மாதா மாதம் மருந்து எடுக்க அலைய வேண்டாம். அரசாங்க ஆஸ்பத்திரியில் எழுதிய மருந்தின் மீதி மாதங்களை வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்கிலேயே வாங்கிக்கொள்ள எஸ்பியுபி என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது, பல இடங்களில் தபாலில்கூட அனுப்புவார்கள். முதல் தடவை மருந்து எடுக்கும்போதே கவுண்டரில் சொல்லிவிடுங்கள்.

நன்றாக இருக்கிறது என்று சொந்தமாக நிறுத்தாதீர்கள். ஆறு மாதம், ஒரு வருடம் நிலையாக இருந்தால் நிறுத்திப் பார்க்கலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். நான் போன வருடம் கேட்டு நிறுத்திப் பார்த்தேன். மூன்று வாரம் சமாளித்தேன், நாலாவது வாரம் ஒரு லோரி குறுக்கே நின்று பாலம் அடைத்துக்கொண்டது, பஸ் ஒன்றே கால் மணி நேரம் நகரவில்லை. கம்பங்களை எண்ணி, தசையை இறுக்கி, வீடு வந்து சேர்ந்தேன், சிலுவார் காய்ந்தே இருந்தது. ஆனாலும் மறுநாள் ராத்திரி நோட்டைப் பார்த்தேன், 11 தடவை. டாக்டருக்குப் போன் செய்து திரும்பத் தொடங்கினேன், அதே 5 மில்லிகிராம்.